இல்லத்தில் தீர்ப்பளிப்பவர் யார்? மகரென்கோ, ஐக்ஹார்ன், கொர்ச்சாக் ஆகியோரின் எழுத்துகளில் பராமரிப்பாளரின் பொறுப்பு

ஆய்வுச்சுருக்கம்

சட்டத்தோடு முரண்பட்ட, கவனிப்பாரற்ற வளரிளம் பருவத்தினரை ஓரிடத்தில் தங்கவைத்து வளர்க்கும் இல்லங்களைப் பற்றி அவற்றை நடத்தியவர்களே எழுதிய நூல்கள் இருபதாம் நூற்றாண்டின் கல்விச் சிந்தனையில் தனித்த இடம் பெற்றவை. அவற்றுள் அந்தோன் மகரென்கோவின் ‘கல்வியியல் காவியம்’, ஆகஸ்ட் ஐக்ஹார்னின் ‘வழிதவறிய இளமை’, யானுஷ் கொர்ச்சாக்கின் ‘குழந்தையை எவ்வாறு நேசிப்பது’ ஆகிய மூன்றையும் இக்கட்டுரை ஒப்பிட்டு ஆராய்கிறது. இந்நூல்களை வழிமுறைகளின் அடிப்படையில் ஒப்பிடுவதே வழக்கமாக இருந்துவருகிறது. அதனினும் அடிப்படையான வேறுபாடு, பராமரிப்பாளர் தம் செயலுக்கு யாரிடம் கணக்கொப்புவிக்கிறார் என்பதில் அமைந்துள்ளது என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: இல்லப் பராமரிப்பு, வளரிளம் பருவத்தினர், மகரென்கோ, ஐக்ஹார்ன், கொர்ச்சாக், தன்னாட்சி, கணக்கொப்புவித்தல்

முன்னுரை

முதல் உலகப்போர் ஐரோப்பாவின் வீதிகளில் பெற்றோரையும் உறைவிடத்தையும் இழந்த சிறார் கூட்டத்தை விட்டுச்சென்றது. ஆஸ்திரியாவில் வியன்னா நகரின் ஆசிரியரான ஐக்ஹார்ன், போர்க்கால அகதிகள் தங்கியிருந்த ஓபர்ஹொல்லாப்ருன் முகாமின் கொட்டகைகளில் 1918இல் ஓர் இல்லத்தைத் தொடங்கினார். உக்ரைனில் பொல்தாவா நகருக்கு அண்மையில் இளங்குற்றவாளிகளுக்கான குடியிருப்பு ஒன்றின் பொறுப்பை 1920இல் மகரென்கோ ஏற்றார். பின்னர் அது கார்க்கியின் பெயரால் வழங்கலாயிற்று. போலந்தில் மருத்துவரான கொர்ச்சாக், வார்சாவின் குரோக்மால்னா தெருவில் 1912இல் திறக்கப்பெற்ற யூத அநாதைச் சிறார் இல்லத்தை நடத்திவந்தார். பசி, குளிர், ஆடைப் பற்றாக்குறை, நம்பிக்கையிழந்த சிறார் ஆகியவை மூவருக்கும் பொதுவாக இருந்தன.

மூவரும் எழுதினர். ஐக்ஹார்னின் நூல் பத்துச் சொற்பொழிவுகளாக, பிராய்டின் முன்னுரையுடன் 1925இல் வெளிவந்தது. மகரென்கோவின் நூல் 1933 முதல் 1935 வரை மூன்று பகுதிகளாக வெளிவந்த நாவல். கொர்ச்சாக்கின் நூல் முதல் உலகப்போர்க் காலத்தில் எழுதத் தொடங்கப்பெற்றுப் போருக்குப்பின் அச்சேறியது. அதன் இறுதிப் பகுதி அவர்தம் இல்லத்தின் நடைமுறைகளை விவரிப்பது. வடிவத்தால் வேறுபட்ட இம்மூன்றும் ஒரு பண்பில் ஒன்றுபடுகின்றன. இல்லத்தை நடத்துபவரே இல்லத்தின் கதையைச் சொல்கிறார். சிறாரின் மாற்றத்திற்கு அவரே சாட்சி, அம்மாற்றத்திற்குக் காரணமும் அவரே. எனவே இந்நூல்களை வாசிக்கும் திறனாய்வாளர், சிறார் திருந்தினரா என்று வினவுவதற்கு முன்னர், சொல்பவரின் செயலை அந்நூலுக்குள் எவரேனும் மதிப்பிட முடிகிறதா என்று வினவ வேண்டியவராகிறார்.

பெயரிடலும் பொறுப்பும்

இல்லத்திற்கு வரும் சிறாருக்குச் சூட்டப்படும் பெயரிலேயே பொறுப்பு பற்றிய முடிவு அடங்கிவிடுகிறது. ஐக்ஹார்னின் நூல் 1935இல் ஆங்கிலத்திற்குச் சென்றபோது பெற்ற தலைப்பு, விருப்பம்போல் வழிமாறிச் செல்லும் இளமை என்னும் பொருளைத் தருகிறது. ஜெர்மன் மூலத்தலைப்பில் உள்ள அடைமொழியோ காப்பாரின்றி விடப்பட்டமையால் சீர்கெட்ட நிலையைக் குறிப்பது. மூலத்தில் காக்கத் தவறியவரை நோக்கித் திரும்பும் சொல், மொழிபெயர்ப்பில் சிறாரை நோக்கித் திரும்பிவிடுகிறது. தமிழில் ‘வழிதவறிய’ என்று எழுதும்போதும் இதே திரிபு நேர்கிறது என்பதை இங்குச் சுட்டுதல் தகும்.

மகரென்கோவின் குடியிருப்பு தொடங்கப்பெற்ற காலத்தில் அத்தகைய சிறாரை ‘ஒழுக்கக் குறையுடையோர்’ என்று வகைப்படுத்தும் வழக்கு அலுவலக மொழியில் இருந்தது. உடற்குறையைப் போல ஒழுக்கத்திலும் பிறவிக்குறை உண்டு என்னும் கருத்தை உட்கொண்ட அச்சொல்லை மகரென்கோ ஏற்கவில்லை. குறை சிறாரிடம் இல்லை, அவர்களுக்கும் சமூகத்திற்கும் இடையிலான உறவில் உள்ளது என்பது அவர் நிலைப்பாடு. ஆக, கேடு சிறாரின் இயல்பன்று என்பதில் இருவரும் உடன்படுகின்றனர். உறவைச் செப்பனிடுபவர் தவறிழைத்தால் என்ன நிகழும் என்பதில்தான் வேறுபாடு தொடங்குகிறது.

முதற் குளிர்காலம்

‘கல்வியியல் காவிய’த்தின் தொடக்கத்தில் வரும் அறை புகழ்பெற்றது. குடியிருப்புக்கு முதலில் வந்த இளைஞர்கள் ஆசிரியர்களைப் பொருட்படுத்துவதில்லை. விறகு வெட்டச் சொன்ன இயக்குநரிடம் ஸதோரவ் என்னும் இளைஞன், நீயே போய் வெட்டு என்னும் பொருள்பட, முதன்முறையாக ஒருமையில் விடையிறுக்கிறான். மாதக்கணக்கான மனமுறிவும் கையறுநிலையும் சேர்ந்து வெடிக்க, இயக்குநர் அவனை மீண்டும் மீண்டும் அடிக்கிறார். ஸதோரவ் அவரினும் உடல்வலிமை மிக்கவன். திருப்பி அடித்திருக்க இயலும். அடிக்கவில்லை. சற்று நேரத்தில் அனைவரும் கோடரிகளுடன் காட்டிற்குச் செல்கின்றனர், வேலை நடக்கிறது, அன்றிலிருந்து உறவு மாறுகிறது.

ஐக்ஹார்னின் இல்லத்தில் எந்தக் குழுவிலும் வைக்க இயலாத பன்னிரண்டு முரட்டுச் சிறுவர்கள் தனிக்குழுவாயினர். இவர்களுள் பெரும்பாலோர் கடுமையான தண்டனைகளின் நடுவே வளர்ந்தவர்கள் என்பதை ஐக்ஹார்ன் கண்டறிந்தார். எனவே பெருங்கேடு நேராத அளவில் அவர்களைத் தடுக்கலாகாது என்று பணியாளர்களுக்கு அறிவுறுத்தினார். சன்னல்கள் உடைந்தன, கதவுகள் உதைபட்டன, கொட்டகை பாழாயிற்று. ஒருவன் மற்றவனின் கழுத்தில் ரொட்டி வெட்டும் கத்தியை வைத்துக் கூச்சலிட்டபோதும் ஐக்ஹார்ன் அருகில் அசையாமல் நின்றார். எதிர்பார்த்த சினம் கிட்டாமையால் சிறுவன் கத்தியை எறிந்து, தரையை உதைத்து, அழுது ஓய்ந்தான். வன்முறை படிப்படியாக நடிப்பாகவும், பின்னர்க் கண்ணீராகவும் மாறிற்று என்பது அவர் தரும் விளக்கம்.

ஒருவர் அடித்தார், மற்றவர் அடிக்காதிருந்தார். இந்த எதிர்நிலையோடு ஒப்பீட்டை நிறுத்திக்கொள்வது எளிது. ஆயினும் இரு காட்சிகளின் கதைக்கட்டமைப்பும் ஒன்றே என்பது நுணுகி நோக்கினால் புலனாகும். இரண்டிலும் இயக்குநரின் ஒரு செயல் திருப்புமுனையாகிறது. இரண்டிலும் பின்விளைவு அச்செயலை நியாயப்படுத்துகிறது. கத்தி சற்றே அழுத்தப்பட்டிருந்தால் ஐக்ஹார்னின் பொறுமை குற்றப்பொறுப்பாகியிருக்கும். ஸதோரவ் திருப்பி அடித்திருந்தால் நாவல் அங்கேயே முடிந்திருக்கும். கழுத்தில் கத்தியுடன் நின்ற அந்த மற்றொரு சிறுவன் அக்கணத்தில் என்ன உணர்ந்தான் என்பதை ஐக்ஹார்னின் பகுப்பாய்வு கருத்திற்கொள்ளவில்லை. அவர் பார்வை முழுவதும் கத்தி பிடித்தவன் மீதே உள்ளது. குழுவாகத் தங்கும் இல்லங்களின் நிலையான சிக்கல் இதுவேயாகும்: ஒருவனுக்குச் சிகிச்சையாகும் சுதந்திரம், அடுத்த படுக்கையில் உறங்குபவனுக்கு அச்சமாக அமையலாம்.

மகரென்கோ அறையை ஒரு வழிமுறையாகப் பரிந்துரைக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். நாவலின் கதைசொல்லி அதனைத் தம் கல்வியியல் தோல்வியாகவே உணர்கிறார். உடன் பணியாற்றும் ஆசிரியையின் கலக்கத்தின் முன் தம் செயலை விளக்கவும் முற்படுகிறார். இந்த ஒளிவின்மையே நாவலுக்கு வலிமை சேர்க்கிறது. எனினும் நாவல் வளர வளர, இயக்குநரின் செயலை வினவும் உரிமை கல்வித்துறை அதிகாரிகளிடம் சென்று சேர்கிறது. அவர்களை ஒலிம்பசு மலையில் வாழும் தேவர்களாக மகரென்கோ எள்ளி வரைகிறார். வினவுபவர் நகைப்புக்குரியவராக்கப்பட்டபின் வினாவும் வலுவிழக்கிறது. இக்குடியிருப்பின் தண்டனைமுறை 1928இல் குரூப்ஸ்காயாவின் பொதுக் கண்டனத்திற்கு உள்ளானது. அவ்வாண்டிலேயே மகரென்கோ அங்கிருந்து விலகினார். அக்கண்டனத்தில் நேர்மையான ஒரு கவலையும் இருந்திருக்கக்கூடும் என்பதற்கு நாவலின் நகைச்சுவை இடமளிப்பதில்லை.

பணமும் நம்பிக்கையும்

இரு நூல்களிலும் பணத்தை மையமிட்ட காட்சிகள் உள்ளன. முன்னாள் திருடனான கரபானவிடம் ஐந்நூறு ரூபிள் பெற்றுவருமாறு ஆணைச்சீட்டைக் கொடுத்துக் குதிரையில் அனுப்புகிறார் மகரென்கோ. அவன் திரும்பிவந்து எண்ணிப் பார்க்கச் சொல்லியும் எண்ணாமல் பெட்டியில் வைக்கிறார். அடுத்து இரண்டாயிரம் ரூபிளுக்காக மீண்டும் அனுப்புகிறார். வழியெல்லாம் யாரேனும் கொள்ளையிட வருவரோ என்று அஞ்சியதையும், வந்தால் உயிரைக் கொடுத்தேனும் காத்திருப்பேன் என்பதையும் கரபானவ் வந்து சொல்கிறான். கரபானவ் பாத்திரத்திற்கு மூலமான செமியோன் கலபாலின் பின்னாளில் தாமே சிறார் இல்லங்களின் இயக்குநராகப் பணியாற்றினார்.

ஐக்ஹார்னின் காட்சி இதற்கு மறுதலையானது. திருட்டுக்காக முன்பே அறியப்பட்ட இளைஞன் ஒருவனிடம் இல்லத்தின் புகையிலைக் கணக்கை ஒப்படைக்கிறார். பணம் குறைகிறது. ஐக்ஹார்ன் குற்றஞ்சாட்டுவதில்லை. தம் நூல்களைத் தூசுதட்ட உதவுமாறு அவனை அழைத்து, பேச்சை மெல்ல மெல்லப் பணத்தின் பக்கம் திருப்புகிறார். தான் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டோம் என்னும் அச்சம் அவனுள் உச்சத்தை அடையும்வரை காத்திருக்கிறார். இறுதியில் தண்டிப்பதற்கு மாறாகக் குறைந்த தொகையைத் தாமே கொடுத்துவிடுகிறார். அச்சத்திலிருந்து நெகிழ்ச்சிக்குத் திடீரென மாறும் அந்த அதிர்வே சிகிச்சை என்பது அவர் கருத்து.

கரபானவ் தன்னை நம்பியவரைப் பின்னர் நேருக்குநேர் வினவ முடிகிறது. உண்மையாகவே நம்பினீரா, சோதித்தீரா என்னும் ஐயத்தை அவன் வாய்திறந்து கேட்கும் இடம் நாவலில் உண்டு. புகையிலைக் கணக்கை வைத்திருந்த இளைஞனுக்கோ தன் அச்சம் திட்டமிட்டு வளர்க்கப்பட்டது என்பது தெரியாது. அந்த அறிவு மருத்துவ நோக்குடைய ஆசிரியரிடமும் அவருடைய அவையோரிடமும் தங்கிவிடுகிறது. இருவருள் மென்மையானவராகத் தோன்றும் ஐக்ஹார்னே இங்கு மிகுதியான அதிகாரத்தைக் கையாள்கிறார். அடிக்கும் கை வெளிப்படையாகத் தெரியும். உள்ளத்தை இயக்கும் கை தெரிவதில்லை. மென்மை தன்னளவில் அதிகாரத்திற்கு எல்லை வகுப்பதில்லை என்பது இவ்வொப்பீட்டால் பெறப்படுகிறது.

கடந்தகாலம் என்னும் கோப்பு

சிறாரின் கடந்தகாலத்தை அறிதல் தேவையா என்பதில் இருவரும் முற்றிலும் எதிரெதிரானவர்கள். ஐக்ஹார்னுக்குத் திருட்டும் ஓட்டமும் வெளிக்குறிகள். அவற்றின் பின்னால் மறைந்திருக்கும் நிலையைக் குடும்ப வரலாறும் குழந்தைப்பருவ அனுபவங்களுமே புலப்படுத்தும். மகரென்கோ 1922 அளவிலேயே சிறாரின் கோப்புகளைத் தமக்கு அனுப்ப வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். பழைய குற்றத்தை இல்லத்தார் மறந்தால் சிறாரும் மறப்பர் என்பது அவர் நம்பிக்கை. தம்மைச் சிறையிலிருந்து அழைத்துவந்தபோது, ஒரு பொருளைப்போலத் தமக்குப் பற்றுச்சீட்டு எழுதிக் கொடுக்கப்படுவதைத் தாம் காணலாகாது என்பதற்காகவே மகரென்கோ தம்மை அறைக்கு வெளியே நிற்கச் சொன்னார் என்பதைக் கலபாலின் பின்னாளில் நினைவுகூர்ந்துள்ளார்.

மறத்தல் ஒரு கொடை. ஆயினும் எல்லோருக்கும் அது போதியதாக அமைவதில்லை. நாவலில் வரும் சோபத் என்னும் இளைஞன் காதல் கைகூடாமையால் தூக்கிட்டு இறக்கிறான். ரயீசா என்னும் பெண் கருவுற்றதை மறைத்து, பிறந்த குழவியைக் கொல்கிறாள். குடியிருப்பின் முன்னேற்றத்தைப் பல பக்கங்களில் விரித்துரைக்கும் நாவல் இவ்விரு நிகழ்வுகளையும் விரைந்து கடக்கிறது. கூட்டுவாழ்வின் அணிவகுப்பில் சேராத துயரத்திற்கு அங்கே மொழி இல்லை. ஐக்ஹார்னிடம் அம்மொழி உண்டு. அவர் சோபத்தின் முன்வரலாற்றைக் கேட்டிருப்பார். அதேவேளை, கேட்டறிந்ததைக் கோப்பாக்கி வைத்திருக்கும் நிறுவனம் அதனைப் பின்னர் எதற்குப் பயன்படுத்தும் என்ற வினாவை மகரென்கோவே எழுப்பியிருப்பார். ஒருவரின் குறையை மற்றவர் நிரப்புவதால் இரண்டையும் சேர்த்துப் படிப்பதே பொருத்தமானது.

தீர்ப்பளிக்கும் இடம்: கொர்ச்சாக்கின் நீதிமன்றம்

மகரென்கோவின் குடியிருப்பிலும் தன்னாட்சி இருந்தது. அணித்தலைவர் மன்றம் அன்றாட முடிவுகளை எடுத்தது. தற்காலிகப் பணி அணிகளில் ஆசிரியர்களும் சிறார் தலைவர்களின் கீழ்ச் சாதாரண உறுப்பினராக வேலை செய்தனர். இது அக்காலத்திற்கு அரிய ஏற்பாடு. எனினும் ஸதோரவ் மீது விழுந்த அடியை விசாரிக்கும் இடமாக அம்மன்றத்தை நாவல் எங்கும் காட்டவில்லை.

கொர்ச்சாக்கின் இல்லத்தில் அத்தகைய இடம் இருந்தது. சிறாரே நீதிபதிகளாக அமரும் நீதிமன்றத்தில் எவரும் எவர் மீதும் வழக்குத் தொடரலாம், ஆசிரியரும் விலக்கல்லர். அதன் சட்டத்தொகுப்பு வியப்புக்குரிய அமைப்புடையது. முதல் தொண்ணூற்றொன்பது பிரிவுகளும் விடுவித்தல், பொறுத்தல், வழக்கைக் கைவிடுதல் ஆகியவற்றுக்கே உரியவை. நூறாம் பிரிவிலிருந்துதான் குற்றம் நிகழ்ந்தது என்னும் கூற்று தொடங்குகிறது. ஆயிரமாம் பிரிவு இல்லத்திலிருந்து நீக்குவது. மன்னிப்பதற்கான சொற்கள் தண்டிப்பதற்கானவற்றைவிட எத்தனையோ மடங்கு மிகுந்திருக்க வேண்டும் என்னும் கொள்கை, பிரிவுகளின் எண்ணிக்கையிலேயே வெளிப்படுகிறது.

அரையாண்டுக் காலத்தில் தாமே ஐந்து முறை அந்நீதிமன்றத்தின் முன் நின்றதைக் கொர்ச்சாக் பதிவு செய்துள்ளார். அவற்றுள் ஒன்று ஒரு சிறுவனை அறைந்ததற்கான வழக்கு. மற்றொன்று ஒரு சிறுமியைத் திருட்டு தொடர்பாக ஐயுற்றதற்கானது. ஸதோரவ் பெற்ற அடியும் புகையிலைக் கணக்கின் ஐயமும் இங்கு வழக்குகளாக மாறிவிட்டன என்று கூறினால் அது மிகையாகாது. தீர்ப்பின் கடுமை முதன்மையானதன்று. அறை வாங்கியவன் கேட்பதற்கு உரியவனானான் என்பதே முதன்மையானது. இவ்வழக்குகள் தம்மை அரசியலமைப்புக்கு உட்பட்ட கல்வியாளராக மாற்றின என்பது கொர்ச்சாக்கின் தன்மதிப்பீடு. அத்தகையவர் சிறாருக்குத் தீங்கிழையாதிருப்பது தம் அன்பினாலோ நற்குணத்தினாலோ அன்று. தம் தன்னிச்சையிலிருந்து அவர்களைக் காக்கும் ஓர் அமைப்பு இருப்பதனாலேயே என்பது அவர் தெளிவு.

இதனையும் குறையற்ற முன்மாதிரியாகக் கொள்ள இயலாது. கொர்ச்சாக்கின் இல்லத்துச் சிறார் ஏறத்தாழ ஏழு முதல் பதினான்கு வயதினர். மகரென்கோவிடம் வந்தவர்களுள் ஆயுதக் கொள்ளையர் இருந்தனர். நீதிமன்றத்தை வகுத்தவரும், அதன் கதையை நமக்குச் சொல்பவரும் மீண்டும் இயக்குநரே. ஆயினும் சிறாரின் சொல் வெளியுலகை எட்டுவதற்கு அவர் வேறொரு வழியையும் திறந்தார். சிறாரும் இளைஞரும் எழுதிய ‘சிறு விமர்சனம்’ என்னும் இதழ் 1926இல் வார்சாவின் யூத நாளேடு ஒன்றின் இணைப்பாகத் தொடங்கி, 1939இல் போர் மூளும்வரை வெளிவந்தது.

இயக்குநரின் நூலும் இல்லத்தில் வாழ்ந்தோரின் சொல்லும்

அத்தகைய வழி திறக்கப்படாதபோது நேர்வதற்குச் சிகாகோ நகரின் ஆர்த்தோஜெனிக் பள்ளி சான்றாகும். மனநலச் சிக்கலுடைய சிறாருக்கான அந்த உறைவிடப் பள்ளியை 1944 முதல் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் நடத்திய புரூனோ பெட்டல்ஹைம், 1950இல் வெளிவந்த ‘அன்பு மட்டும் போதாது’ முதலிய நூல்களால் உலகப் புகழ் பெற்றார். பொறுமையும் புரிந்துணர்வும் மிக்க சூழலாகவே அவர் நூல்கள் பள்ளியைக் காட்டின. 1990இல் அவர் மறைந்தபின், அங்கு வாழ்ந்தோர் சிலர் தாம் அவரால் அடிக்கப்பட்டதாகவும் இழிவுபடுத்தப்பட்டதாகவும் பொதுவெளியில் எழுதினர். அவரை ஆதரித்தும் வேறு சிலர் எழுதினர். இவ்விவாதத்தில் யார் பக்கம் உண்மை மிகுதி என்பதை முடிவுசெய்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. அச்சொற்கள் வெளிவருவதற்கு இயக்குநரின் மரணம்வரை காத்திருக்க நேர்ந்தது என்பதே இங்குக் கருதத்தக்கது. மகரென்கோ தம் அறையைத் தாமே எழுதினார். கொர்ச்சாக் அதனை வழக்காக்கினார். பெட்டல்ஹைமின் நூல்களிலோ அதற்கு இடமே இல்லை. அன்பு மட்டும் போதாது என்னும் தலைப்பு அவர் கருதாத பொருளிலும் உண்மையாகிவிட்டது.

முடிவுரை

மேற்கண்ட ஒப்பீட்டால் இல்லப் பராமரிப்பு பற்றிய எழுத்தை மதிப்பிடுவதற்கு மூன்று வினாக்கள் கிடைக்கின்றன. பராமரிப்பாளரின் தவறு நூலுக்குள் தவறாகவே நிற்கிறதா, பின்விளைவால் கழுவப்படுகிறதா? ஒருவனுக்காகச் செய்யப்படும் பரிசோதனையில் மற்றவனின் பாதுகாப்பு கருதப்படுகிறதா? இல்லத்தில் வாழ்பவர் தம்மை நடத்துபவரை வினவும் இடம் உண்டா? முதல் வினாவில் மகரென்கோ ஓரளவு தேறுகிறார். இரண்டாவதில் ஐக்ஹார்ன் தடுமாறுகிறார். மூன்றாவதற்குக் கொர்ச்சாக் மட்டுமே அமைப்புமுறையிலான விடையைத் தருகிறார்.

இவ்வினாக்கள் ஐரோப்பிய இலக்கிய வரலாற்றுக்கு மட்டும் உரியவையல்ல. மகரென்கோ பொறுப்பேற்ற அதே 1920ஆம் ஆண்டில்தான் சென்னை மாகாணத்தில் சிறார் சட்டம் இயற்றப்பெற்றது. இன்று நடைமுறையில் உள்ள 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், இம்மூவரும் தனித்தனியே முன்வைத்த கோரிக்கைகளை ஒருசேர ஏற்றுள்ளது. நன்னடத்தை அலுவலர் சிறாரின் குடும்பச் சூழலை விசாரித்து அறிக்கை தர வேண்டும் என்பது ஐக்ஹார்ன் விரும்பிய அறிதல். பழைய பதிவுகள் நீக்கப்பட்டுப் புதுத்தொடக்கம் வழங்கப்பட வேண்டும் என்பது மகரென்கோ விரும்பிய மறதி. இல்லங்களில் குழந்தைகள் குழு அமைக்கப்பட வேண்டும் என்னும் 2016ஆம் ஆண்டின் மாதிரி விதி, கொர்ச்சாக்கின் திசையை நோக்கியது. இல்லப் பணியாளர் உடல்தண்டனை தருவதைச் சட்டத்தின் 82ஆம் பிரிவு குற்றமாக்கியுள்ளது. ஸதோரவ் மீது விழுந்த அடி இங்கு விழுந்தால் அது வழக்காகும்.

சட்டம் இடத்தைத் தருகிறது. அதில் எழும் குரலைத் தருவதில்லை. கூர்நோக்கு இல்லத்தின் குழந்தைகள் குழு, உணவுப்பட்டியலையும் விளையாட்டு நேரத்தையும் பற்றிப் பேசுவதோடு அமையாமல், கண்காணிப்பாளரின் செயலையும் வினவ முடிகிறதா என்பதே அதன் உரைகல். இத்துறையில் ஆய்வு மேற்கொள்வோர் இல்லத் தலைவர்களின் அறிக்கைகளையும் நேர்காணல்களையும் மட்டும் சான்றாகக் கொள்ளாமல், அங்கு வாழ்ந்து வெளியேறியோரின் கூற்றுகளை, அவர்தம் அடையாளம் காக்கப்படும் வகையில், இணையான சான்றாகத் தொகுத்தல் வேண்டும். ஸதோரவ் எழுதிய ‘கல்வியியல் காவியம்’ நமக்குக் கிடைக்கவில்லை. இனிவரும் இல்லங்களைப் பற்றிய ஆய்வுகளிலேனும் அவன் தரப்புக்கு இடமிருத்தல் வேண்டும்.